மைனஸ் வந்தா 360 கூட்டு

முதல் நாள்

நான் சர்வே வேலைக்கு வந்தது முப்பத்தைந்தாவது வயதில். சிவில் டிப்ளமோ சான்றிதழ் அதுவரை பீரோவில் கல்யாணப் புடவைக்கு அடியில் கிடந்தது. பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் அதை உருவி எடுத்துக்கொண்டு, உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த வரதன் சார் ஆபீஸுக்குப் போனேன். வரதன் சார் லைசென்ஸ் வாங்கிய சர்வேயர். வயல் அளப்பது, மனை அளப்பது, வீடு கட்டுகிறவர்களுக்கு நாலு மூலை குறித்துக் கொடுப்பது, இதுதான் தொழில். இருந்த பையன்கள் எல்லாம் ஒரகடம் ஃபேக்டரிக்கு ஓடிவிட்டார்கள், வேறு ஆள் கிடைக்காமல்தான் உன்னைக் கூப்பிட்டேன் என்று முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிட்டார். எதையும் மனதில் வைத்துக்கொள்ளாத மனிதர், தன் தப்பைத் தவிர.

“டிப்ளமோலாம் படிச்சிகினு வந்துகீற. சைன், காஸ், டான் ஞாபகம் கீதா?”

“இருக்கு சார். ஆல் சில்வர் டீ கப்ஸ்” என்றேன்.

பாலிடெக்னிக் படித்தவர்களுக்கு இது காயத்ரி மந்திரத்துக்குச் சமம். வட்டத்தை நாலு கால்பகுதியாகப் பிரித்தால் முதல் பகுதியில் ஆல், அதாவது எல்லாமே ப்ளஸ். இரண்டாவதில் சைன் மட்டும் ப்ளஸ். மூன்றாவதில் டான் மட்டும். நாலாவதில் காஸ் மட்டும். பரீட்சையில் இதை எழுதி முழு மார்க் வாங்கியிருக்கிறேன்.

“அந்த டீ எந்தப் பக்கம் கீது? கைய நீட்டிக் காட்டு பாக்கலாம்.”

திருதிருவென்று விழித்தேன். காகிதத்தில் கேட்டால் சொல்லிவிடுவேன். ஆபீஸ் நடுவில் நிறுத்தி, மூன்றாவது கால்பகுதி எந்தச் சுவர்ப் பக்கம் என்று கேட்டால் என்ன செய்வது? குத்துமதிப்பாக ஜன்னலைக் காட்டினேன். ஜன்னலுக்குக் கீழே டீக்கடை இருந்தது.

“கரெக்டு. போய் ரெண்டு டீ சொல்லிட்டு வா” என்றார்.

வேலை கிடைத்துவிட்டது. அந்தக் கேள்விக்கு அவருக்கும் விடை தெரியாது என்பது எனக்குத் தெரிய எட்டு மாதம் ஆனது.

மூன்று எலுமிச்சம்பழம்

எங்களிடம் ஒரு டோட்டல் ஸ்டேஷன் இருந்தது. மூன்று கால் ஸ்டாண்டில் நிற்கும் தொலைநோக்கி மாதிரியான கருவி. திருப்பிய கோணத்தையும் எதிரே உள்ள தூரத்தையும் காட்டும். நல்ல கருவியாக இருந்தால் மற்ற கணக்கையும் அதுவே போட்டுவிடும். எங்களுடையது யாரோ அடித்து ஓய்ந்து விற்ற செகண்ட் ஹேண்ட். கோணத்தையும் தூரத்தையும் தவிர எதைக் கேட்டாலும் கறுப்புத் திரையைக் காட்டியது. அதனால் கணக்கை நாங்கள்தான் போட வேண்டும்.

கணக்கு பெரிய கணக்கில்லை. லேஅவுட்டில் ஒவ்வொரு கல்லுக்கும் இரண்டு எண் உண்டு. கிழக்கே எவ்வளவு, வடக்கே எவ்வளவு. நாம் நிற்கும் கல்லின் எண்களைப் போக வேண்டிய கல்லின் எண்களிலிருந்து கழிக்க வேண்டும். கிழக்கு வித்தியாசத்தை வடக்கு வித்தியாசத்தால் வகுத்து, டான் இன்வர்ஸ் போட்டால், வடக்கிலிருந்து எத்தனை டிகிரி திரும்ப வேண்டும் என்று வரும். திரும்பி, தூரத்தை அளந்து, கொடி நட வேண்டியதுதான். இதற்காக முன்பு இருந்த பையன் ஒருவன் எக்செல் ஷீட் ஒன்று போட்டு வைத்திருந்தான். கருவிப் பெட்டியின் மூடிக்கு உள்ளே வரதன் சார் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்தது. அதில் ‘மைனஸ் வந்தா 360 கூட்டு’ என்று எழுதியிருந்தது. எங்கள் ஆபீஸின் மொத்த திரிகோணமிதியும் அந்த நாலு வார்த்தைதான்.

இன்னொரு சட்டமும் இருந்தது. எந்த இடத்துக்குப் போனாலும் கருவியைக் கன்னி மூலையில்தான் நிறுத்த வேண்டும். கன்னி மூலை என்றால் தென்மேற்கு மூலை. நம் பக்கத்தில் வீட்டுக்கு முதல் கல் வைப்பதிலிருந்து பீரோ வைப்பது வரை அங்கேதான் என்பது எல்லோருக்கும் தெரியும். வரதன் சார் அதைச் சர்வேயிலும் கொண்டுவந்து விட்டார். கல்லின் மேல் ஒரு சூடம் ஏற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, அதற்கப்புறம்தான் ஸ்டாண்டை விரிப்பார். கருவி வந்த புதிதில் அதன் மூன்று கால்களுக்கும் அடியில் மூன்று எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினாராம். கார் என்றால் ஏற்றி நசுக்கலாம். கருவியை ஆளே தூக்கி இறக்க வேண்டியிருந்தது என்று ஜெராக்ஸ் கடைக்காரர் இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

அந்த எட்டு மாதமும் ஒரு தப்பும் வரவில்லை. கன்னி மூலை ராசி என்று அவர் சொன்னார். ராசிதான், ஆனால் வேறு காரணத்துக்கு. தென்மேற்கு மூலையில் நின்றால் மொத்த நிலமும் நமக்குக் கிழக்கேயும் வடக்கேயும்தான் இருக்கும். எந்தக் கல்லுக்குக் கழித்தாலும் இரண்டும் ப்ளஸ். எல்லாமே முதல் கால்பகுதி. அங்கே எந்த முட்டாள் ஷீட்டும் சரியாகத்தான் விடை சொல்லும். மற்ற மூன்று கால்பகுதிகள் உலகத்தில் இருப்பதே எங்கள் ஷீட்டுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் சந்தர்ப்பத்தை அதற்கு வரதன் சாரின் பக்தி கொடுக்கவும் இல்லை.

காமாட்சியின் மனை

கார்த்திகை மாதம். நாலு நாளாக விடாத மழை. காமாட்சி என்று ஒரு பெண் ஆபீஸுக்கு வந்தார். அவரும் கணவரும் பட்டுத் தறி நெய்கிறவர்கள். உத்திரமேரூரில் வாடகை வீட்டில் இருந்தார்கள். தறிக்குத் தரையில் குழி வேண்டும், கால் வைத்து மிதிக்க. வீட்டுக்காரர் தரைக்கு டைல்ஸ் போடப் போகிறாராம். தை பிறப்பதற்குள் குழியை மூடிக் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

“போற எடத்துலலாம் குழி தோண்டக் கூடாதுங்கறாங்க மேடம். குழி இல்லாம தறி எங்க போடறது? தறி இல்லாம சோறு எங்க துன்றது?” என்றார்.

திருப்புலிவனம் போகிற வழியில் ஒரு லேஅவுட்டில் நாற்பத்தேழாம் நம்பர் மனையை எப்போதோ வாங்கிப் போட்டிருந்தார்கள். அதில் முதலில் தறிக்கூடம் மட்டும் எழுப்பிக் குடிபோய்விடுவது என்று முடிவு. மறுநாள் வாஸ்து நாள். அதை விட்டால் அடுத்தது தையில்தான் வரும். மேஸ்திரியும் நாளைக்கு ஆரம்பிக்கவில்லை என்றால் ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு பெரிய வேலைக்குப் போய்விடுவேன் என்று மிரட்டியிருந்தார். நாலு மூலையை இன்றே குறித்துத் தர வேண்டும்.

போனோம். பெயரில் நகர் இருந்தது, நகரத்துக்கான மற்ற எதுவும் அங்கே இல்லை. ரோடெல்லாம் காகிதத்தில் மட்டும். ஆள் உயரத்துக்குச் சீமைக் கருவேலம். வானம் முழுக்க மேகம், சூரியன் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியவில்லை. கன்னி மூலைக் கல்லைத் தேடிப் போனால், ஏரித் தண்ணீர் உள்ளே வந்து முழங்கால் ஆழம் நின்றது. வரதன் சார் சூடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கரையிலேயே நின்றார். எனக்குத் தெரிந்து அவர் முகம் அப்படித் தொங்கி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“நட்ட நடுவுல பார்க்குக்கு ஒரு கல்லு கீது. அங்க போட்டுத் தொலை” என்றார்.

நடுக்கல்லில் கருவியை வைத்தோம். மெயின் ரோட்டோரம் நேர் வடக்கே இருந்த ஒரு கல்லைப் பார்த்து வடக்கைச் சரிசெய்தோம். நாற்பத்தேழாம் மனையின் முதல் மூலைக்குக் கணக்குப் போட்டேன். கிழக்கு வித்தியாசம் மைனஸ் முப்பது. வடக்கு வித்தியாசம் மைனஸ் நாற்பது. தூரம் ஐம்பது மீட்டர். ஷீட் வகுத்தது, 0.75 வந்தது. கோணம் முப்பத்தாறு டிகிரி ஐம்பத்திரண்டு நிமிஷம். கோணத்தில் மைனஸ் இல்லை, அதனால் சீட்டில் இருந்தபடி 360 கூட்ட வேண்டிய வேலையும் இல்லை. அந்தத் திசையில் ஐம்பது மீட்டர் போய்க் கொடி நட்டேன். மற்ற மூன்று மூலைக்கும் அதே மாதிரி. ஈசானிய மூலைக்கு, அதாவது வடகிழக்குக்கு, அடையாளமாகச் சிவப்புக் கொடி, மற்றதற்கு வெள்ளை.

காமாட்சி அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“நாங்க வாங்கறப்போ ஏரிக்கரைப் பக்கமா காட்டுன மாதிரி ஞாபகம் மேடம்.”

“அப்ப பொதர் இல்லம்மா, அதான் ஏரி கிட்ட தெரிஞ்சிருக்கும்” என்றார் வரதன் சார். “மெஷின் சொல்லுது. நீ இன்னாத்துக்குப் பேஜார் ஆவுற?”

காமாட்சி என்னைப் பார்த்தார். நானும் பெரிய மனுஷி மாதிரி, “மெஷின் வெச்சு அளந்துட்டோம்மா, சரியாத்தான் இருக்கும்” என்றேன். லேஅவுட் வரைபடம் என் பையிலேயே இருந்தது. எடுத்துப் பிரித்துப் பார்க்கவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது, நனைந்துவிடும் என்று சாக்கு. இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வாஸ்து பகவானின் நாஷ்டா நேரம்

வாஸ்து பகவான் அந்த நாளில் ஒன்றரை மணி நேரம்தான் விழித்திருப்பாராம். பதினெட்டு நிமிஷம் பல் தேய்ப்பார், பதினெட்டு நிமிஷம் குளிப்பார், பதினெட்டு நிமிஷம் பூஜை, பதினெட்டு நிமிஷம் சாப்பாடு, பதினெட்டு நிமிஷம் வெற்றிலை. கடைசி இரண்டில், அதாவது வயிறு நிறைந்திருக்கும் முப்பத்தாறு நிமிஷத்தில், நாம் கல்லை வைத்துவிட வேண்டும். நான் பார்த்த அதிகாரிகள் எல்லோருமே இந்தக் கால அட்டவணைப்படிதான் நடக்கிறார்கள் என்பதால் எனக்கு இதில் சந்தேகம் வந்ததில்லை.

மறுநாள் காலை எங்களையும் மரியாதைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வரதன் சார் வெள்ளை வேட்டியில், நெற்றியில் சந்தனத்தோடு, பிளாஸ்டிக் நாற்காலியில் மாப்பிள்ளையின் மாமா மாதிரி உட்கார்ந்திருந்தார். புதரை வெட்டி இடத்தைத் துப்புரவு செய்திருந்தார்கள். மேஸ்திரி மண்வெட்டியோடு தயார். சிவப்புக் கொடி பக்கத்தில் முழங்கால் ஆழம் குழி வெட்டி, மஞ்சள் தெளித்து, எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி வைத்தாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து நாலைந்து நாளாகக் காணாமல் போயிருந்த சூரியன் வெளியே வந்தது.

பூசாரி கையைக் கண்ணுக்கு மேல் வைத்துச் சூரியனைப் பார்த்தார். அப்புறம் குழியைப் பார்த்தார்.

“இதானே ஈசானியம்?”

“அதான். செவப்புக் கொடி” என்றார் வரதன் சார்.

“சூரியன் அந்தாண்ட கீது. அப்ப வடக்கு இது. ஈசானியம் அங்க இல்ல வரணும்?” பூசாரி எதிர் மூலை வெள்ளைக் கொடியைக் காட்டினார். “நீ காட்டறது எனக்குக் கன்னி மூலையா படுது.”

“மெஷின் வெச்சு அளந்தது சாமி. நீ மந்திரத்தச் சொல்லு.”

“மெஷினுக்கு மின்ன சூரியன் வந்திச்சிப்பா” என்றார் பூசாரி.

எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் பையிலிருந்து வரைபடத்தை எடுத்தேன். பார்க் நடுவில். நாற்பத்தேழு அதற்குத் தென்மேற்கே. நான் நிற்கும் இடத்திலிருந்து பார்க் கல் எங்கே என்று தேடினேன். சூரியன் என் முகத்தில் அடித்தது, கல் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அப்படியென்றால் நாங்கள் எல்லோரும் பார்க்குக்குக் கிழக்கே நிற்கிறோம். யாரோ முன்பின் தெரியாதவர் மனையில் குழி வெட்டிக் குங்குமம் வைத்திருக்கிறோம். நாளைக்கு இதில் சுவர் எழும்பும். பிறகு ஒருநாள் உண்மையான சொந்தக்காரர் வருவார். கடன் உடன் வாங்கிக் கட்டியதை இடிக்கச் சொல்வார்.

வரதன் சார் காதருகே போய்ச் சொன்னேன்.

“சார், எடம் தப்பு. மனை அந்தப் பக்கம்.”

அவர் திரும்பவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, “வாய மூடிகினு நில்லு. இப்ப சொன்னா நம்ம பொழப்பு இன்னா ஆவறது? நாளைக்கிப் பாத்துக்கலாம்” என்றார்.

நாளைக்கு என்ன பார்ப்பது? இன்று போனால் தை. தையில் மேஸ்திரி இல்லை, வாடகை வீடு இல்லை, தறி இல்லை. காமாட்சி கையில் கலசத்தோடு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார். போதாக்குறைக்கு வயிற்றில் காலையில் அவர் கொடுத்த பொங்கல் வேறு.

“காமாட்சிம்மா, பூஜைய நிறுத்துங்க. நாங்க தப்பா அளந்துட்டோம்” என்றேன்.

கோலமாவு வட்டம்

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அபசகுனம் என்றார் ஒருவர். பொம்பளைங்கள இந்த வேலைக்கு வெச்சா இப்படித்தான் என்றார் மேஸ்திரி. காமாட்சியின் கணவர் கையைப் பிசைந்தார். வரதன் சார் எழுந்து நின்று, “அந்தம்மாவுக்கு நேத்துலருந்து ஜொரம். நீங்க நடத்துங்க” என்றார்.

காமாட்சி மட்டும் என் பக்கத்தில் வந்தார். “நெசமாவா மேடம்?”

“வாங்க, காட்டறேன். பத்து நிமிஷம் போதும்.”

மேஸ்திரியின் நூல் கண்டையும், கோலமாவு டப்பாவையும், என் டேப்பையும் எடுத்துக்கொண்டு நடுக்கல்லுக்கு நடந்தேன். காமாட்சி கலசத்தோடு பின்னால் வந்தார். அவர் வந்ததால் கூட்டமே வந்தது. கருவி ஆபீஸில் இருந்தது, நல்லவேளை. கையில் இருந்திருந்தால் அதைத்தான் நம்பியிருப்பார்கள்.

நூலில் சரியாக ஒரு மீட்டர் அளந்து, கல்லில் ஒரு முனையைக் கட்டி, மறு முனையில் கோலமாவைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று வந்தேன். அலகு வட்டம். பாலிடெக்னிக்கில் இதை நூறு தடவை வரைந்திருக்கிறேன், மண்ணில் வரைந்தது அதுதான் முதல் தடவை. சூரியனையும் மெயின் ரோட்டோரக் கல்லையும் வைத்து வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்குக் கோடுகள் போட்டேன். வட்டம் நாலு துண்டானது.

“மனைக்குப் போக மேற்கே முப்பது மீட்டர், தெற்கே நாப்பது மீட்டர். நேர்த் தூரம் அம்பது. எல்லாத்தையும் அம்பதால வகுத்தா, இந்தச் சின்ன வட்டத்துக்கு மேற்கே அறுபது சென்டி, தெற்கே எம்பது சென்டி.”

டேப்பை வைத்து அளந்து, அந்த இடத்தில் ஒரு குச்சி நட்டேன். குச்சி வட்டத்தின் கோட்டின் மேலேயே நின்றது. தென்மேற்குத் துண்டு. மூன்றாவது கால்பகுதி. அடுத்து, ஷீட் சொன்ன கோணம். வடக்கிலிருந்து முப்பத்தாறு டிகிரி ஐம்பத்திரண்டு நிமிஷம். கிழக்கே அறுபது, வடக்கே எண்பது. இன்னொரு குச்சி. அது வடகிழக்குத் துண்டு.

நூலை எடுத்து இரண்டு குச்சிக்கும் நடுவே இழுத்துக் கட்டினேன். நூல் கல்லின் நடு வழியாகவே போனது. ஒரே கோடு, இரண்டு முனை. டானுக்குத் தெரிவது அந்தக் கோட்டின் சாய்வு மட்டும்தான். அதில் எந்த முனை என்று அதற்குத் தெரியாது. ‘மூன்றாவதில் டான் மட்டும் ப்ளஸ்’ என்று மனப்பாடம் செய்து மார்க் வாங்கினேனே, அதற்கு அர்த்தம் இதுதான். முதல் பகுதிக்கும் மூன்றாவது பகுதிக்கும் டான் ஒரே விடையைத்தான் சொல்லும், ஜாக்கிரதை என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நான் அதை டீ கப் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வரதன் சார் விடவில்லை. “மைனஸுக்கு மைனஸ் ப்ளஸ்தானம்மா? ஸ்கூல்ல படிக்கல நீ?”

“வகுத்தா ப்ளஸ்தான் சார். நடக்கறதுக்கு? மேற்கேயும் தெற்கேயும் போன்னு சொன்னா கிழக்கேயும் வடக்கேயும் போவீங்களா?”

முதலில் புரிந்துகொண்டது காமாட்சிதான்.

“சேல டிசைன் போடற கிராஃப் மாதிரி மேடம். எடது மூணு கட்டம், கீய நாலு கட்டம்னு போட்டுருப்பாங்க. அத்த வலது மூணு, மேல நாலுன்னு அடிச்சா மாங்கா புட்டா தலகீயா பூடும். மொத்த சேலயும் வீண்.” அவர் குனிந்து நூலைத் தொட்டுப் பார்த்தார். “அப்ப என் மனை ஏரிக்கரைப் பக்கம். நான் நேத்தே சொன்னேன்.”

“சொன்னீங்க. நாங்கதான் கேக்கல.”

அவர் கலசத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

“பதினஞ்சி நிமிசம் கீது. பகவான் வெத்தல போட்டுகினு கீறாரு” என்றார் பூசாரி.

குச்சிக்கும் கல்லுக்கும் நேராக இன்னும் இரண்டு கழிகளை நட்டு, ஒற்றைக் கண்ணை மூடிக் கோட்டை நீட்டினேன். மேஸ்திரி கத்தியால் முள்ளை வெட்டிக்கொண்டே முன்னால் போனார். பின்னால் நான் டேப்போடு. எனக்குப் பின்னால் கலசம், செங்கல், தேங்காய், பூசணிக்காய், தாம்பாளம், பிளாஸ்டிக் நாற்காலி, மொத்த வாஸ்து பூஜையும் முள்ளுக்குள் வரிசையாக வந்தது. ஐம்பது மீட்டரில் நின்றேன். தரை முழுக்கப் புல். கல் இல்லை.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். டேப்பைத் திரும்பப் பார்த்தேன், ஐம்பதேதான். கணக்கு சரி என்று எனக்குத் தெரியும். ஆனால் கல்லை எவனாவது பிடுங்கிப் போயிருந்தால் என் கணக்கை யார் நம்புவார்கள்?

வரதன் சார்தான் முதலில் உட்கார்ந்தார். வெள்ளை வேட்டியோடு சேற்றில் மண்டிபோட்டு, மண்வெட்டியை மேஸ்திரி தோளிலிருந்து உருவி, புல்லைச் சீவினார். மனதில் என்ன ஓடியதோ தெரியாது. அரை அடி தள்ளி ‘டங்’ என்றது. கையாலேயே மண்ணைத் தள்ளினார். மழைத் தண்ணீரை ஊற்றித் தேய்த்தார். சாயம் போன சிவப்பில் 47 என்று தெரிந்தது.

காமாட்சி கலசத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுதாரா சிரித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நான் அழுதேன், அது தெரியும்.

“நாலு நிமிசம்” என்றார் பூசாரி. “ஈசானியம் எது, நானே பாத்துக்கறேன். நீங்க யாரும் வாயத் தொறக்காதீங்க.”

நேரம் முடிவதற்குள் கல் இறங்கியது. தை பிறப்பதற்குள் தறிக்கூடத்துக்குக் கூரை போட்டுவிட்டார்கள். நான் போனபோது காமாட்சி முதலில் காட்டியது தறிக்குழியைத்தான். இடுப்பு ஆழம், ஓரமெல்லாம் சிமெண்ட் பூசி, யாரும் மூடச் சொல்ல முடியாத குழி.

வரதன் சார் என்னைப் பாராட்டிச் சொன்ன ஒரே ஒரு வாக்கியம்

அன்றைக்குப் பூஜையிலிருந்து ஆபீஸ் வரும் வரை சார் என்னிடம் பேசவில்லை. வேலை போனது என்று நினைத்து டிபன் பாக்ஸையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டேன். மறுநாள் கருவிப் பெட்டியைத் திறந்தால் பழைய சீட்டுக்குக் கீழே புதிதாக ஒரு வரி இருந்தது. ‘வடக்கு மைனஸ்னா 180 கூட்டு. மொதல்ல வட்டம் போடு.’ மன்னிப்பு அவ்வளவுதான். அதற்கப்புறம் இன்றுவரை எந்த இடத்துக்குப் போனாலும் கருவிப் பெட்டியில் ஒரு கோலமாவு டப்பா இருக்கும். முதலில் மண்ணில் ஒரு மீட்டர் வட்டம், நாலு துண்டு, போக வேண்டிய துண்டில் ஒரு குச்சி, பிறகுதான் கால்குலேட்டர். சுற்றி நிற்பவர்கள் மந்திரிக்கிறேன் என்று நினைத்து ஒதுங்கி நிற்பார்கள். வேலைக்கு அதுவும் வசதிதான்.

இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகள் செல்போனிலேயே எல்லாம் போடுகிறார்கள். போடட்டும். நான் சொல்வது ஒன்றுதான். கோணத்தைக் கருவியிடம் கேளுங்கள், கால்பகுதியை உங்கள் காலிடம் கேளுங்கள். மனைக்காரர் ஏரிக்கரைப் பக்கம் என்று சொன்னால், ஒரு நிமிஷம் நின்று அந்தப் பக்கம் திரும்பியாவது பாருங்கள்.

மாசி மாதம் போல ஒரு நாள் சென்னையிலிருந்து ஒரு பெரியவர் ஆபீஸ் படியேறி வந்தார். முகமெல்லாம் வியர்வை. செல்போனை நீட்டினார். படத்தில் ஒரு குழி, பக்கத்தில் அழுகிப்போன எலுமிச்சம்பழம், குங்குமம், மஞ்சள்.

“திருப்புலிவனம் போற வழியில என் மனைங்க. யாரோ செய்வினை வெச்சிருக்காங்க. எங்க வீட்டம்மா மூணு நாளா தூங்கல. மனைய வித்துடலாம்ங்கறா. விக்கறதுக்கு முன்ன அளந்து குடுங்க” என்றார்.

வரதன் சாரைப் பார்த்தேன். ஒரு பரிகாரம் சொல்லி அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன், அதற்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் அவர் மேஜையிலேயே இருந்தன. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டார்.

“அது செய்வினை இல்ல சார். நாங்கதான். தப்பா அளந்துட்டோம்.”

பெரியவர் செல்போனைச் சட்டைப் பையில் போட்டார். கோபப்படுவதா, நிம்மதியாக மூச்சு விடுவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

“அப்ப இப்ப மட்டும் சரியா அளப்பீங்களா?”

“எனக்கு அளக்கத் தெரியாது சார்” என்றார் வரதன் சார். என் பக்கம் கையைக் காட்டினார். “அந்தம்மாவுக்குத் தெரியும்.”

நான் கோலமாவு டப்பாவை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.